‘அதில் குண்டு இல்லை’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்!

போன கோடை விடுமுறையில் சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். சாயந்திரம் எல்லாருமாக மெரினா போனோம். சுண்டல், பஜ்ஜி, ராட்டினம் எல்லாம் ஆன பிறகு, என் மகளின் கண் பலூன் சுடும் பலகை மேல் விழுந்தது. பதின்மூன்று வயது. ‘ஒரே ஒரு தடவைம்மா’ என்று கெஞ்சினாள். என் கணவர் உடனே காசை எடுத்து நீட்டிவிட்டார்.

பத்து பலூனில் எட்டை உடைத்துவிட்டாள்! கடைக்காரரே, ‘பாப்பாவுக்குக் குறி நல்லா வருதே’ என்று மெச்சினார். பெருமை தாங்காமல், ‘அம்மா, பாத்தியா?’ என்று என் பக்கம் திரும்பினாள். அவளோடு சேர்ந்து அவள் கையில் இருந்த துப்பாக்கியும் திரும்பியது. அதன் வாய் நேராக என் முகத்துக்கு எதிரே!

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடையில் மாங்காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ‘பயப்படாதீங்கம்மா, அதுல குண்டு இல்ல’ என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

என் சித்தியின் கண்

1989-ஆம் வருடம். எனக்கு ஒன்பது வயது. லீவுக்கு அம்மாவின் ஊருக்குப் போயிருந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தோட்டமும் துரவுமாக இருந்த வீடு. தென்னையில் அணில் விரட்டுவதற்கென்று மாமா ஓர் ஏர்கன் வைத்திருந்தார். திண்ணைச் சுவரில் ஆணி அடித்து, குடை மாட்டுவது போல அதை மாட்டியிருப்பார்கள். பெரியவர்கள் பார்வையில் அது ஒரு விளையாட்டுச் சாமான். தீபாவளித் துப்பாக்கிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மாமா மகனுக்கு, எனக்கு அத்தான் முறை, அப்போது பதினான்கு வயது. ஒருநாள் மத்தியானம் சித்தி முற்றத்தில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். சித்திக்கு அப்போது பத்தொன்பது. தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அத்தான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து, ‘அத்தை, கையைத் தூக்கு!’ என்று வேடிக்கை காட்டினான். ‘எடுத்து வைடா அதை’ என்றாள் சித்தி. ‘அதுல குண்டு இல்லத்தை’ என்றான்.

காலையில் அணிலைக் குறிபார்த்துவிட்டு, சுடாமலே கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு குண்டு இருந்தது.

கண்ணில் ரத்தம் வந்ததும் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி வந்து விட்டார்கள். துணியை வைத்து அழுத்திக் கட்டினார்கள். மறுநாள்தான் மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். வலது கண் போனது போனதுதான். பேசிய கல்யாணமும் நின்றது. அத்தான் அதன் பிறகு பல வருடம் சித்தி முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவன் பொல்லாத பையன் இல்லை, சகோதரிகளே. நல்ல பையன். அவனுக்கு அந்தச் சாமானைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என்.சி.சி. இருந்தது. தோழிகளெல்லாம் .22 ரைஃபிளில் சுட்டுவிட்டு வந்து தோள் வலியைப் பெருமையாகச் சொல்லுவார்கள். நான் பெயர்கூடக் கொடுக்கவில்லை. இப்போது என் மகள், மெரினாவிலிருந்து வீடு திரும்பும் முன்பே, ‘என்னை ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்க’ என்று ஆரம்பித்துவிட்டாள். ‘முடியவே முடியாது’ என்றேன். ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியில் சித்தியிடமே ஃபோனில் புலம்பினேன். அவளுக்கு இப்போது ஐம்பத்தைந்து. தையல் மெஷினை நம்பியே நிமிர்ந்து நின்றவள். என் கட்சி பேசுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ‘ஏன்டி, அன்னைக்கு அந்தப் பயலுக்கு யாராவது ஒழுங்காச் சொல்லிக் கொடுத்திருந்தா என் கண்ணு போயிருக்குமா? தெரியாதவ கையிலதான்டி ஆபத்து. தெரிஞ்சுக்கட்டும் விடு’ என்றாள்.

முதல் நாள் நான் வாங்கிய திட்டு

எங்கள் ஊர் கிளப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருபவர், என்.சி.சி.யில் சுட்டுப் பழகி, பிறகு போட்டிகளுக்கும் போனவர். பிள்ளைகள் ‘மிஸ்’ என்றே கூப்பிடுகிறார்கள். நான் என் கதையை எல்லாம் சொல்லி, ‘இது வேண்டுமா மிஸ்?’ என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ‘நீங்களும் உள்ளே வாங்கம்மா. ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க’ என்றார்.

மேஜை மேல் வைத்திருந்த ரைஃபிளை எடுத்தேன். எடுத்ததுமே என் ஆள்காட்டி விரல் தானாக டிரிக்கரில் போய் உட்கார்ந்தது! ‘விரலை எடுங்க’ என்றார் மிஸ். ‘எங்கே வைக்கணும்?’ என்று கேட்டபடி அவர் பக்கம் திரும்பினேன். துப்பாக்கியும் திரும்பிவிட்டது. சட்டென்று குழலைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார்.

கடற்கரையில் மகளை அத்தனை பேர் முன்னால் கத்தினேனே, இரண்டே நிமிடத்தில் அதே தப்பை நானும் செய்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே அன்று அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

‘பாத்தீங்களா? மனசு எச்சரிக்கையா இருந்தாலும் கை அதுபாட்டுக்குச் செய்யும். கைக்குத்தான் இங்க முதல்ல பாடம்’ என்றார் மிஸ். முதல் இரண்டு வாரம் ஒரு குண்டுகூடக் கொடுக்கவில்லை. நான்கு விதிகள் மட்டும்தான். தினமும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும்.

ஒன்று: எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைத்து நட. இப்போதுதான் நீயே பார்த்து வைத்தாலும், மறுபடி கையில் எடுக்கும்போது மறுபடி பார்.

இரண்டு: எதைச் சுட விரும்பவில்லையோ அதன் பக்கம் குழலின் வாயைத் திருப்பாதே. ஆள் திரும்பலாம், குழல் திரும்பக் கூடாது. யாராவது கூப்பிட்டால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பு.

மூன்று: இலக்கைக் குறிபார்த்து, சுடுவது என்று முடிவு செய்கிறவரை விரல் டிரிக்கருக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கட்டும்.

நான்கு: இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. 10 மீட்டர் போட்டி என்பதால் குண்டு 10 மீட்டரில் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஏர் ரைஃபிள் குண்டே சில நூறு மீட்டர் போகும். .22 தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் தூரம்கூடப் போகக்கூடியது. அதனால்தான் ரேஞ்சில் இலக்குக்குப் பின்னால் தடுப்பு இருக்கிறது. மொட்டை மாடியிலும் மாந்தோப்பிலும் அது கிடையாது.

யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடமாட்டோம், ஜன்னலைத் திறப்போம். குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் திறக்கமாட்டோம். ‘ஆவி இருக்காது’ என்று யாராவது சொன்னால் நம்பியா திறக்கிறோம்? வெயிட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தானே திறக்கிறோம்! அதே பழக்கம்தான் இங்கேயும்.

‘காலி’ என்பதை எப்படிக் காட்டுவது?

சித்தியின் கதையை நினைத்துக்கொண்டே இதைக் கேட்டேன். ஏர் ரைஃபிளில் ஒரு சூது இருக்கிறது. குண்டைப் போட்ட பிறகு நெம்புகோலைத் திறந்து பார்த்தாலும் உள்ளே போன குண்டு சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. குழலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் பளிச்சென்ற நிறத்தில் நீளமான பிளாஸ்டிக் கயிறு ஒன்று வைத்திருக்கிறார்கள். ‘சேஃப்டி ஃப்ளாக்’ என்று பெயர். அதைப் பின்பக்கமாக விட்டு, குழலின் வாய் வழியாக வெளியே தெரியும்படி நீட்ட வேண்டும். கயிறு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தால்தான் துப்பாக்கி காலி. சர்வதேசப் போட்டிகளிலும் இது கட்டாயம். பயிற்சியில்லாத நேரமெல்லாம் ரைஃபிளில் கயிறு செருகியே இருக்க வேண்டும்.

ரேஞ்சில் ஒருவர் ஆணையிடுவார். ‘லோட்’ என்றால்தான் குண்டு போடலாம். ‘ஸ்டார்ட்’ என்றால்தான் சுடலாம். ‘ஸ்டாப்’ என்றால், விரல் பாதி அழுத்தியிருந்தாலும் நிறுத்த வேண்டும். ‘அன்லோட்’ என்றால் குண்டை எடுத்துக் காட்ட வேண்டும். இலக்கு அட்டையை மாற்ற யாராவது முன்னால் போகும்போது துப்பாக்கியை யாரும் தொடவே கூடாது. என் மகள் வீட்டில் நான் பத்துத் தடவை சொன்னாலும் காதில் வாங்காதவள். அங்கே ஒரு சொல்லுக்கு அப்படியே நிற்கிறாள்!

இன்னொரு விஷயம். போட்டிக்கான ஏர் ரைஃபிளில் அழுத்தப்பட்ட காற்று அடைத்த சிலிண்டர் இருக்கும். நம் குக்கரில் இருப்பது சுமார் 1 பார் அழுத்தம் என்றால், இதில் 200 பார் வரை இருக்கும். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. பத்து வருடத்துக்கு மேல் ஆனதைப் போட்டியில் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். நம் வீட்டு கேஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ‘ஏ-26’, ‘பி-27’ என்று எழுதியிருக்கிறதே, அது அடுத்த சோதனைக்கான காலாண்டும் வருடமும். ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. இதுவரை பார்த்ததில்லை என்றால், அடுத்த சிலிண்டர் வரும்போது பாருங்கள்.

எப்படிச் சுடுகிறார்கள்?

இனி சுடும் முறை. நிதானமாகப் படியுங்கள், கேட்கச் சுவாரசியமாக இருக்கும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கண் ‘தலைமைக் கண்’ என்று பார்க்கிறார்கள். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வரும்படி வையுங்கள். அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போதும் கடிகாரம் மறையாமல் தெரிகிறதோ, அதுவே தலைமைக் கண்.

அடுத்தது நிற்கும் நிலை. இலக்குக்கு நேராக நிற்பதில்லை. இடது பக்கம் இலக்கை நோக்கும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். பாதங்கள் தோள் அகலத்துக்கு விலகியிருக்கும். இடுப்பைச் சற்று இலக்குப் பக்கம் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, அந்தக் கையின் மேல் ரைஃபிளை வைக்கிறார்கள். ‘குழந்தையை இடுப்பில வெச்சுக்கிட்டு நிப்பீங்களே, அதே நிலைதாம்மா’ என்றார் மிஸ். எனக்கு உடனே வந்துவிட்டது! நாம் குழந்தையைக் கையால் தூக்குவதில்லை. இடுப்பெலும்பில் உட்கார வைக்கிறோம். அதனால்தான் ஒரு மணி நேரமானாலும் தாங்குகிறது. ரைஃபிளையும் சதையால் தாங்கினால் கை நடுங்கும். எலும்பின் மேல் வைத்தால் நடுங்காது. போட்டி ரைஃபிளின் எடை 5.5 கிலோவுக்கு மிகக் கூடாது என்பது விதி. ஏறக்குறைய ஒரு மூன்று மாதக் குழந்தையின் எடை. ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு ஸ்டாண்டின் மேல் வைத்தே பழக்குகிறார்கள்.

கன்னத்தை ரைஃபிளின் மேல் சாய்க்கும்போது, கழுத்தை வளைத்துக்கொண்டு அதனிடம் போகக் கூடாது. ரைஃபிள்தான் முகத்துக்கு வர வேண்டும். பின்பகுதி தோளில் நன்றாகப் பதிய வேண்டும்.

நின்றதும் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறக்கச் சொல்கிறார்கள். குறி இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. பாதத்தை நகர்த்த வேண்டும். கையால் இழுத்துப் பிடித்தது, சுடும் நேரத்தில் தன் இடத்துக்கே திரும்பிவிடும்.

இனி குறிபார்த்தல். கண்ணுக்குப் பக்கத்தில் சின்னத் துளை ஒன்று. குழலின் நுனியில் வளையம் ஒன்று. அதற்கப்பால் இலக்கின் கறுப்பு வட்டம். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம், சுற்றிலும் சமமான வெள்ளை. புள்ளிக்குச் சுழி போடுவது மாதிரி. கண் இலக்கைத் தேடி ஓடும். ஆனால் பார்வை முன் வளையத்தில் நிற்க வேண்டும். இலக்கு சற்று மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை.

பிறகு மூச்சு. இயல்பாக இழுத்து, இயல்பாக விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் ஓர் இடைவெளி வருகிறதே, அதில்தான் சுட வேண்டும். ஆறு, ஏழு விநாடிக்குள் அமையவில்லை என்றால் இறக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டே இருந்தால் பார்வை மங்கும்; நாடித் துடிப்பு குறியை ஆட்டும். ‘இறக்கி வைக்கத் தெரிஞ்சவதான் சுடக் கத்துக்கிட்டவ’ என்பது மிஸ்ஸின் வாக்கு. இதை நான் வீட்டில் கோபம் வரும்போதும் நினைத்துக்கொள்கிறேன்!

கடைசியில் டிரிக்கர். இழுக்கக் கூடாது, விரல் நுனிச் சதையால் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். போட்டி ரைஃபிளில் முதல் அழுத்தத்தில் ஒரு தடை தட்டுப்படும். இரண்டாவது அழுத்தத்தில்தான் சுடும். சுட்ட பிறகும் ஒன்றிரண்டு விநாடி அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கும் ஆசையில்தான் பாதிக் குண்டுகள் தப்பிப் போகின்றன.

புதியவர்கள் நடுப்புள்ளியைப் பற்றிக் கவலைப்படவே கூடாதாம். ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் நெருக்கமாகப் படுகின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். மூலையில் பட்டாலும் சேர்ந்து பட்டால் ஆள் சரி. பார்வைத் துளையின் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறிப் பட்டால் எந்தத் திருகாலும் பயனில்லை.

அந்த நடுப்புள்ளி எவ்வளவு பெரிது தெரியுமா? 10 மீட்டர் இலக்கில் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி 0.5 மி.மீ. ஊசி முனையால் குத்தியது போல! குண்டின் அகலம் 4.5 மி.மீ. என்பதால் அதைத் தொட்டாலே பத்து. 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட வேண்டும். பெண்களுக்கு முன்பு 40 குண்டுகள்தான். 2018 முதல் ஆண்களுக்குச் சமமாக 60.

நம் நாட்டுப் பெண்கள்

இந்தப் போட்டியில்தான் 2008-இல் அபினவ் பிந்த்ரா, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கத்தை முதன்முதலாக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றவர். 2024-இல் மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் பெற்றதை டி.வி.யில் பார்த்து, எத்தனை வீடுகளில் நாம் கைதட்டினோம்!

என்னை உருக்கியவர் அவனி லேகரா. 2012-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த சிறுமி. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஏர் ரைஃபிள் பழகி, 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கிலும் 2024-இல் பாரிஸிலும் தங்கம் வென்றார். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்த்ரோ தோமரோ, பேத்திக்குத் துணையாக ரைஃபிள் கிளப்புக்குப் போன பாட்டி. அறுபது வயதுக்கு மேல் தானும் பிஸ்டல் பிடித்துப் பழகி, எத்தனையோ பரிசுகளை வாங்கினார். 2021-இல் காலமானார். துணைக்குப் போகிறவர்களே, கவனியுங்கள்!

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

குண்டு ஈயத்தால் ஆனது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எவ்வளவு குறைவாக இருந்தாலும் நல்லதல்ல. ஆகவே குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடவே கூடாது. ரேஞ்சில் எதையும் சாப்பிடக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவ வேண்டும். வீட்டுக்கு வந்து உடையை மாற்றிய பிறகே கைக்குழந்தையைத் தூக்குங்கள். அந்தத் துணிகளைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் ரேஞ்சுக்குள் போக வேண்டாம். .22 சுடும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் காதடைப்பான் வேண்டும். குண்டோ அதன் சிதறலோ தெறிக்கலாம் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி எங்கேயும் அவசியம்.

ஒரு பக்கமாகவே வளைந்து நிற்பதால் வளரும் பிள்ளைகளுக்கு முதுகு வலி வரலாம். மிஸ் தினமும் முதுகுக்கும் வயிற்றுக்கும் உடற்பயிற்சி தருகிறார். வலி என்று பிள்ளை சொன்னால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

அவசரப்பட்டுத் துப்பாக்கி வாங்காதீர்கள். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் லட்ச ரூபாயைத் தாண்டும். கிளப்பிலேயே பழகத் தருகிறார்கள். .22 போன்றவற்றுக்கு 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ஏர் ரைஃபிளிலும் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விதிகள் இருக்கின்றன. கிளப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஏர்கன் இருந்தால், இன்றைக்கே சுவரிலிருந்து இறக்குங்கள். காலியா என்று தெரிந்தவர் பார்த்து, பீரோவில் வைத்துப் பூட்டட்டும். குண்டு டப்பா வேறோர் இடத்தில், அதற்கும் பூட்டு. சாவி உங்கள் கையில். உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளை லீவுக்கு அனுப்பும்போது, ‘உங்க வீட்ல ஏர்கன் இருக்கா?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று கேட்கிறோமே, அதுபோலத்தான். பிள்ளைகளுக்கு மூன்றே வார்த்தை சொல்லி வையுங்கள்: தொடாதே, விலகிப்போ, பெரியவங்ககிட்ட சொல்லு.

தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கப்பை மேலே வைத்து ஓரத்தில் ஒட்டி, அந்த நிமிடமே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உடம்பில் வேறு எங்கே பட்டாலும், வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். அதை நம்பாதீர்கள். தோண்டி எடுக்கப் பார்க்காமல் டாக்டரிடம் போய், ஏர்கன் குண்டு என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சித்தி வந்தாள்

போன மாதம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ‘என்னையும் கூட்டிட்டுப் போங்கடி, பார்க்கணும்’ என்றாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. ரேஞ்சில் தடுப்புக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம்.

என் மகள் ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். குழலின் வாய் இலக்குப் பக்கம். விரல் வெளியே. திறந்து பார்த்தாள். கயிற்றின் நுனி குழலின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் குனிந்து பார்த்தாள். சித்தி உட்கார்ந்த இடத்திலிருந்து, ‘பாப்பா, அதுல குண்டு இருக்கா?’ என்று கேட்டாள்.

அவள் திரும்பவில்லை. ரைஃபிளை மேஜை மேல் வைத்தாள். கையை எடுத்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

‘இல்ல சின்னப் பாட்டி. ஆனா நான் சொல்றேன்னு நீங்க நம்பாதீங்க. அந்தக் கயிறு தெரியுதா பாருங்க.’

சித்தி ரொம்ப நேரம் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தெரியுதுடா கண்ணு’ என்றாள். வீட்டுக்கு வந்ததும் அத்தானுக்கு ஃபோன் போடச் சொன்னாள்.